விளையாட்டுப் பொறிகளும் மலாயாத் தமிழும்

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியைப் பாடமாகப் பயின்றோர் எவரும் அதில் வரும் மயிற்பொறியை மறந்திரார். ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தன், கருவுற்றிருந்த தன் தேவி விசயைக்காக, வானிற் பறக்கும் மயில் வடிவில் ஒரு பொறியைச் செய்வித்தான். அதனை இயக்கும் முறையையும் அவளைப் பழகச் செய்தான். தேவி அதிலேறி உலாவியது அரண்மனைக்கு ஓர் இன்ப விளையாட்டாக இருந்தது. கட்டியங்காரனின் படை அரண்மனையை வளைத்துக்கொண்ட நாளில், அந்த விளையாட்டுப் பொறியே விசயையைச் சுமந்து சென்று சுடுகாட்டில் இறக்கியது. காப்பியத் தலைவன் அங்கே பிறந்தான். பெருங்கதையிலோ, உதயணனைச் சிறைபிடிக்கப் பகைமன்னன் அனுப்பியது வீரரை உள்ளே ஒளித்துவைத்த ஓர் இயந்திர யானை. பொறி என்னும் சொல் நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. பொறியைக் கண்டு வியப்பதும், அதனால் வாழ்வதும், அதனால் மாட்டிக்கொள்வதும் நமக்குப் புதியன அல்ல.

சிறுவர்க்கு மரப்பாச்சியும் பம்பரமும் எப்படியோ, அப்படியே பெரியவர்க்கும் ஒவ்வொரு காலத்திலும் சில விளையாட்டுப் பொருள்கள் உண்டு. புதிய பொறி ஒன்று பிறக்கும்போது அதனால் விளையப்போகும் பயன் இன்னதென்று அதனைச் செய்தவருக்கே முழுமையாகத் தெரிவதில்லை. கையில் பொருளும் பொழுதும் உடையவர் சிலர் அதனை வாங்கித் திருகியும் திறந்தும் பார்க்கின்றனர். அண்டை அயலார் நகைக்கின்றனர். பத்தாண்டு சென்றபின் அந்தப் பொருள் இன்றி வாழ இயலாது என்னும் நிலை வருகிறது. அல்லது அது பரணுக்குப் போய்விடுகிறது. மலாயாத் தீபகற்பத்திற்கு, குறிப்பாக ஜொகூருக்கு, அவ்வாறு வந்து சேர்ந்த சில பொறிகளைப் பற்றியும், அவை எப்போது, யாரால் தமிழ் பேசத் தொடங்கின என்பதைப் பற்றியுமே இங்கு எழுத முற்படுகிறேன். வந்த நாளிலேயே தமிழ் பேசிய பொறிகள் மிகச் சில. மற்றவற்றுக்கு ஒருவர் தமிழ் கற்பிக்க வேண்டியிருந்தது.

வந்தபோதே தமிழோடு வந்த பொறி இசைத்தட்டுப் பெட்டி. எடிசன் 1877இல் ஒலியைப் பதிவுசெய்து காட்டினார். பெர்லினர் 1887இல் அதனைத் தட்டையான தட்டுக்கு மாற்றினார். 1902இல் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்துவிட்டுக் கீழ்த்திசை நாடுகளைச் சுற்றினார். 1903இல் சிங்கப்பூரிலும் பாடல்களைப் பதிவு செய்தார். சென்னையில் பெரிய சந்தை ஒன்று இருந்தமையால் தமிழிசைத் தட்டுகள் விரைவிலேயே வெளிவந்து கப்பலேறின. கிட்டப்பாவின் குரலையும் கே. பி. சுந்தராம்பாளின் குரலையும் நேரில் கேளாமலே அறிந்த தலைமுறை ஒன்று மலாயாத் தோட்டங்களில் உருவானது. ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே பாடும் தட்டு. சாவி கொடுக்கும் சுருள்வில். அடிக்கடி மாற்றவேண்டிய ஊசி. நாடகத்தையும் துண்டு துண்டாக வெட்டிப் பல தட்டுகளில் அடைத்து விற்றனர். ஓர் உச்சக் காட்சியின் நடுவில் எழுந்துபோய்த் தட்டை மாற்றவேண்டிய பொறுமையை இன்றைய மாணவர் எண்ணிப் பார்க்கவேண்டும். பெட்டி பணக்காரருடையது, ஆயினும் பாட்டு வாசலைத் தாண்டி வந்தது.

வானொலியின் கதை வேறு. அதன் மலாயா வரலாறு நம் ஜொகூரில் தொடங்குகிறது என்பதை நம் ஆசிரியர்களிலேயே பலர் அறியார். 1921இல், ஜொகூர் அரசில் மின்பொறியாளராகப் பணியாற்றிய ஏ. எல். பர்ச் என்னும் ஆங்கிலேயர் முதல் வானொலிக் கருவியை இந்நாட்டிற்குக் கொண்டுவந்தார். பின்னர் ஜொகூர் வானொலிச் சங்கம் ஒன்றை அமைத்து, 300 மீட்டர் அலைவரிசையில் ஒலிபரப்பத் தொடங்கினார். (1875இல் பேராக்கில் கொல்லப்பட்ட ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச்சோடு இவரை மாணவர் குழப்பிக்கொள்ளலாகாது.) இந்த ஆண்டுக் கணக்கைச் சற்று நிறுத்தி நோக்குதல் நலம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் முறையான ஒலிபரப்பு தொடங்கியது 1920 நவம்பரில். இலண்டனில் பி.பி.சி. பேசத் தொடங்கியது 1922 நவம்பரில். ஆகவே, சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலம் கட்டி முடிக்கப்படுவதற்கு முன்பே ஜொகூரில் ஒரு சிறு கூட்டம் வானொலியோடு விளையாடத் தொடங்கியிருந்தது.

விளையாட்டு என்று கூறுவது குறைத்துப் பேசுவதாகாது. அக்காலத்து வானொலி உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. மிக எளிய கருவிக்கு மின்சாரமும் வேண்டியதில்லை, மின்கலமும் வேண்டியதில்லை. செம்புக் கம்பியைச் சுருட்டிய உருளை ஒன்று, மரத்திற்கு மரம் இழுத்துக் கட்டிய நீண்ட கம்பி ஒன்று, ஈயக் கந்தகக் கனிமத்தின் சிறு துண்டு ஒன்று, அதன்மேல் மெல்லத் தொடும் நுண்ணிய கம்பி ஒன்று, காதில் மாட்டும் ஒலிப்பான் ஒன்று, அவ்வளவே. அந்த நுண்கம்பிக்கு ஆங்கிலேயர் பூனை மீசை என்று பெயரிட்டிருந்தனர். கனிமத்தின் மேற்பரப்பில் எந்த இடத்தில் தொட்டால் ஒலி எழும் என்பது யாருக்கும் தெரியாது. மூச்சை அடக்கிக்கொண்டு இங்கும் அங்கும் தொட்டுத் தேடவேண்டும். கதவை யாரேனும் அடித்துச் சாத்தினால் கண்டுபிடித்த இடம் தவறிவிடும். 300 மீட்டர் அலை என்பது நொடிக்குப் பத்து இலட்சம் முறை அதிரும் அலை. அந்த அதிர்வைக் கனிமம் ஒருவழியாகவே செல்லவிடுவதால் அதன்மேல் ஏறிவந்த குரல் காதில் விழுகிறது. இயற்பியல் ஆசிரியர் இன்றும் இதனை வகுப்பில் செய்து காட்டலாம். பெருஞ்செலவும் ஆகாது.

ஆனால் அந்தச் சங்கத்தின் ஒலி தோட்டத்துத் தமிழர்க்கு உரியதாக இருக்கவில்லை. துரைமார் பங்களாவிலும் அரசு அலுவலர் விடுதியிலும் ஒலித்தது அவர்தம் மொழி, அவர்தம் இசை. கம்பி கட்டிய மரம் தமிழன் பால்வெட்டிய மரமாக இருந்திருக்கலாம். அதனூடே இறங்கிய ஒலி அவனைத் தேடி வரவில்லை.

இதே காலத்தில் தமிழகத்தில் நடந்ததை ஒப்புநோக்க வேண்டும். 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலானோர் சென்னையில் வானொலிக் கழகம் ஒன்றைத் தொடங்கி, அவ்வாண்டே ஒலிபரப்பினர். பொருள் முடையால் 1927இல் அது நின்றுபோயிற்று. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பை நடத்தியது. கருவி வாங்க வழியற்றவர்க்காகக் கடற்கரை போன்ற பொது இடங்களில் ஒலிபெருக்கி வைக்கப்பட்டது. ஒரு சிலரின் பொழுதுபோக்கு ஊர்ப் பொதுச்சொத்தாக மாறிய முறை இது. கழகத்தைத் தொடங்கியவருள் தமிழ்நாட்டார் இருந்தமையால் மொழி பற்றிய கேள்வி அங்கே எழவே இல்லை. நமக்கோ அந்தக் கேள்விதான் முதற் கேள்வியாக இருந்தது.

விடை பினாங்கிலிருந்து வந்தது. 1934இல் பினாங்கு வானொலிச் சங்கம் இசட். எச். ஜே. என்னும் அடையாளக் குறியுடன் 49.3 மீட்டர் அலைவரிசையில் ஒலிபரப்பத் தொடங்கியபோது, மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் இடம் பெற்றது. இதுவும் ஆர்வலர் சங்கமே, அரசு நிறுவனமன்று. பர்ச்சின் கருவி வந்து பதின்மூன்று ஆண்டு கழித்து மலாயாவின் வானில் தமிழுக்கு ஓரிடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கினார். 1937 மார்ச்சில் சிங்கப்பூர்க் கால்டிகாட் குன்றில் பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையம் திறக்கப்பட்டது. அச்சிலும் வானிலும் தமிழ் ஒருசேரக் கால் ஊன்றிய காலம் அது.

விலையே பெருந்தடை. வால்வுகள் பொருத்திய வானொலிப் பெட்டி தோட்டத் தொழிலாளியின் பல மாத ஊதியத்தை விழுங்கக் கூடியது. இந்தத் தடையைத் தகர்க்க எண்ணிய தமிழ்நாட்டுப் புதுமையாளர் ஒருவரை இங்கே குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. கோயம்புத்தூருக்கு அருகே கலங்கலில் 1893இல் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பைத் தொடக்க வகுப்புகளோடு விட்டவர். ஓர் ஆங்கிலேய அலுவலரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதனையே விலைக்கு வாங்கி, அக்கு அக்காகக் கழற்றி மீண்டும் பூட்டியவர். பெரியவர்களின் விளையாட்டு என்று நான் சொல்லுவதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை. மின்கலத்தால் இயங்கும் முகச்சவரப் பொறி, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, வாக்குப் பதிவுப் பொறி என்று அவர் செய்த வினோதங்கள் பல. 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை எழுபதே ரூபாய்க்குச் செய்து தரமுடியும் என்று அறிவித்தார். அந்தப் பெட்டி மட்டும் கப்பலேறி வந்திருந்தால் மலாயாத் தோட்டங்களின் கதை பத்தாண்டு முந்தியிருக்கும் என்பது என் எண்ணம். வந்தது வானொலிப் பெட்டியன்று, போர்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஜப்பானியர் ஆட்சியில் வெளிநாட்டுச் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்பது கொடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. நேற்றுவரை வரவேற்பறை அணியாக இருந்த பெட்டி இன்று உயிர் குடிக்கும் பொருளாயிற்று. பேராக்கில் பாப்பான் என்னும் சிற்றூரில், செவிலியரான சிபில் கார்த்திகேசு அத்தகைய பெட்டி ஒன்றை மறைத்து வைத்திருந்தார். யூரேசிய மரபில் வந்த அவ்வம்மையார், யாழ்ப்பாணத்துத் தமிழ் மரபினரான மருத்துவர் ஏ. சி. கார்த்திகேசுவின் மனைவி. அந்தப் பெட்டிக்கு அவர் இட்டிருந்த பெயர் ஜோசபின். பிறர் முன்னிலையில் அதனைப் பற்றிப் பேச நேர்ந்தால் ஒரு தோழியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசலாம் அல்லவா? ஜோசபின் சொன்ன போர்ச் செய்திகள் அவ்வூரில் நம்பிக்கையை உயிரோடு வைத்திருந்தன. காட்டில் இருந்த எதிர்ப்புப் படையினர்க்கு அவர் மருத்துவமும் செய்துவந்தார். 1943இல் கணவரும் அவரும் அடுத்தடுத்துச் சிறைப்பட்டனர். ஜப்பானிய இராணுவக் காவலர் அவரை வதைத்த முறைகளைப் பள்ளி மாணவர் படிக்கும் கட்டுரையில் விரித்தல் தகாது. போர் முடிந்து விடுதலையானபோது அவர் உடல் முற்றாகச் சிதைந்திருந்தது. ஜார்ஜ் பதக்கம் பெற்ற அவர் 1948 ஜூன் 12இல் மறைந்தார். அவர் நினைவுக் குறிப்புகள் 1954இல் ஆங்கில நூலாக வெளிவந்தன. விசயையின் மயில் அவளைக் காத்தது. ஜோசபின் ஊரைக் காத்துத் தன் தலைவியைப் பலி கொண்டது.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். அக்டோபர் 21இல் அங்கேயே தற்காலிகச் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். சுதந்திர இந்திய வானொலி இந்திய மொழிகள் பலவற்றில் செய்தி சொன்னது. தமிழும் அவற்றுள் ஒன்று. பால்வெட்டும் தமிழனை, கூலி என்று பிறர் அழைத்துவந்தவனை, நாடு ஒன்றின் குடிமகனாக விளித்துத் தமிழில் பேசிய பெட்டி அது. ஒரே காலத்தில், ஒரே நாட்டில், ஒரு பெட்டியைத் திறந்தமைக்காக ஒருவர் வதைபட்டார். மற்றொரு பெட்டியைக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் படையில் சேர்ந்தனர். இவ்விரண்டையும் சேர்த்துக் கற்பிக்காத வரலாற்றுப் பாடம் குறையுடையது என்று நான் என் ஆசிரியர்களிடம் சொல்லுவதுண்டு.

1946 ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா நிறுவப்பட்டது. 1948இல் அவசரகாலம் வந்தபின், தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவானொலிப் பெட்டிகளை அரசு வைக்கத் தொடங்கியது. அரசின் நோக்கம் இரகசியமன்று. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளின் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லவேண்டும். ஆனால் பெட்டியைச் சுற்றி அமர்ந்தவர் செய்தியறிக்கையை எவ்வளவு கவனத்தோடு கேட்டனர் என்பது ஐயத்துக்குரியது. அவர்கள் காத்திருந்தது பாட்டுக்கும் நாடகத்துக்கும். பகைவனை வெல்ல அனுப்பப்பட்ட பெட்டி, தோட்டத்து மாலைப் பொழுதை வென்றுவிட்டது. நான் இளமையில் அறிந்த முதியோர் பலர், பெரட்டு முடிந்து வெட்டுக்காட்டுக்குப் போகும் வழியில் முந்தின இரவு நாடகத்தின் வசனத்தை ஒருவர் சொல்ல மற்றவர் முடித்துவைப்பதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுள் எழுத்தறிந்தவர் சிலரே. அவர்கள் பேசிய தூய தமிழ்ச் சொற்களில் பாதி வானொலி தந்தது.

பின்னர் வந்தது டிரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த சிறு கனிமத் துண்டு, வால்வுகளை ஓய்வுபெறச் செய்தது. 1954இல் அமெரிக்காவில் முதல் டிரான்சிஸ்டர் வானொலி 49 டாலர் 95 காசுக்கு விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே ஜப்பானின் சோனி நிறுவனம் தன் முதல் கருவியை வெளியிட்டது. முதலில் அதுவும் விளையாட்டுப் பொருளே. மின்விளக்கு எட்டாத தோட்டத்து லயங்களுக்கு அது மின்சாரத்தைக் கேளாமல் நுழைந்தது. எழுபதுகளில் நான் சிறுவனாக இருந்த தோட்டத்தில், துளைகள் இட்ட தோலுறை போர்த்திய டிரான்சிஸ்டர் மிதிவண்டியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்தால், அவ்வீட்டில் அண்மையில் நல்ல காரியம் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். ஜொகூர்த் தமிழர்க்குத் தனிப்பட்ட ஒரு நற்பேறும் உண்டு: கோலாலம்பூர் பேசுவதையும் கேட்கலாம், கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் பேசுவதையும் கேட்கலாம். அறுபதுகளின் கடைசியில் புதுமைதாசன் எழுதிச் சிங்கப்பூர் வானொலியில் ஒலித்த 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' என்னும் தொடர், அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தவர் வாழ்க்கையை நகைச்சுவையோடு சொன்னது. நாட்டு எல்லை காற்றில் இல்லை.

தொலைக்காட்சி இந்நாட்டுக்கு 1963 டிசம்பரில் வந்தது. ஒலிநாடாவும், 1979இல் இடுப்பில் மாட்டித் திரியும் வாக்மேனும், பின்னர்ப் படநாடாவும் வந்தன. இவற்றைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. இவை தமிழ்நாட்டில் ஆக்கிய தமிழை இங்கே கொணர்ந்து கொட்டின; இங்குள்ளோர் கேட்டனர், பார்த்தனர். ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அக்காலந்தொட்டே இப்பொருள்களின் உள்ளுறுப்புகள் பல நம் மாநிலத்திலேயே செய்யப்படலாயின. மூவாரில் 1974 முதல் இயங்கிவரும் குறைகடத்தித் தொழிற்சாலையைப் போன்ற ஆலைகளுக்கு, தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் வேலை தேடி வந்தவருள் நம் பெண்மக்களும் உண்டு. தாய் பால்வாளியைத் தூக்கிய கையில் மகள் உருப்பெருக்கியைப் பிடித்தாள். உலகம் விளையாடும் பொருளை இங்கே ஒருவர் கண்வலிக்கச் செய்கிறார் என்பதை விலைச்சீட்டு சொல்லுவதில்லை.

கேட்கும் பொறிகளைப் பற்றி இதுவரை கூறினேன். தமிழ் எழுதும் பொறியின் கதையும் பெரும்பகுதி இம்மண்ணில் நிகழ்ந்ததே. தட்டச்சுப் பொறியை அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 1874 அளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மலாயாவின் அலுவலகங்களில் யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் நாள் முழுதும் ஆங்கிலத்தைத் தட்டிக்கொண்டிருந்தனர்; வீட்டுக்குக் கடிதம் எழுத மட்டும் பேனாவைத் தேடினர். 1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, மலாயாவுக்கு வந்து சிங்கப்பூரில் பணியாற்றிய இரா. முத்தையா இந்த முரணைத் தாங்கமாட்டாதவரானார். தமிழுக்கு உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, உயிர்மெய் 216, ஆக 247. பொறியில் உள்ள விசைகளோ ஐம்பதுக்கும் குறைவு. இடப்பக்கமும் வலப்பக்கமும் வரும் குறிகளைத் தனியே பிரித்துவிடலாம். மேலே ஏறும் புள்ளியையும் விசிறியையும் என்ன செய்வது? அவர் கண்ட விடை நகரா விசை. எல்லா விசையும் தட்டியவுடன் தாளை ஓரெழுத்து நகர்த்தும். அந்த விசை மட்டும் நகர்த்தாது. ஆகவே புள்ளியை முதலில் தட்டி, அதே இடத்தில் எழுத்தைத் தட்டினால் மெய்யெழுத்து பிறக்கும். எழுத்தை எழுதிவிட்டுப் புள்ளி வை என்று முதல் வகுப்பில் நாம் கற்பிப்பதற்கு இது தலைகீழ். அதனால் என்ன? பொறி தமிழ் கற்றுக்கொண்டது. செருமனியின் சைடல் நௌமன் நிறுவனத்தில் அப்பொறி வார்க்கப்பட்டது. தமிழகத்து அலுவலகங்கள் பின்னாளில் பயன்படுத்திய தட்டச்சுமுறைக்கு மூலம், கடல் கடந்துவந்த ஒரு தமிழரின் ஏக்கம்.

இந்த வரிசை அறுந்துபோகவில்லை. சிங்கப்பூரில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர் நா. கோவிந்தசாமி, எழுத்தாளர். அவர் பொறியாளர் அல்லர் என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பில் தமிழ் எழுத்துகள் தோன்றியமைக்கு அவரே காரணர். 1997இல் அங்கே தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார், 1999இல் காலமானார். மலேசியாவில், கவிஞரும் ஆசிரியருமான முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985 முதல் கணினிக்குத் தமிழ் கற்பிக்கும் முயற்சியில் ஈடுபட்டு முரசு அஞ்சல் என்னும் மென்பொருளை உருவாக்கினார். இணைமதி என்னும் அவருடைய எழுத்துருவை ஆப்பிள் நிறுவனம் தன் கணினிகளில் சேர்த்துக்கொண்டது.

கைப்பேசி வந்தபோது அது பெரியவர்களின் விளையாட்டுப் பொருள்களுக்கெல்லாம் அரசனாக வந்தது. பன்னிரண்டு பொத்தான்கள்; அவற்றில் ஆங்கில எழுத்துகள் மட்டும். 2005 தைப்பொங்கலன்று சிங்கப்பூரில் முத்து நெடுமாறனின் செல்லினம் அறிமுகமானது. கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி எழுத வழி பிறந்தது. 247 எழுத்துகளைப் பன்னிரண்டு பொத்தானில் எவ்வாறு அடைப்பது என்று மலைக்கவேண்டாம். உயிரும் மெய்யும் ஆய்தமும் முப்பத்தொன்று. மெய்யை அழுத்தி உயிரை அழுத்தினால் உயிர்மெய் தானே புணர்ந்து நிற்கும். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் வகுத்த அமைப்பை அப்படியே பொறி ஏற்றுக்கொண்டது. இலக்கணம் மாணவர்க்குச் சுமை என்று கூறுவோரிடம் இதனை எடுத்துக்காட்டலாம். முத்தையாவுக்கு விசைகளின் எண்ணிக்கையோடு போராட வேண்டியிருந்தது. முத்து நெடுமாறனுக்கு இலக்கணமே துணை நின்றது.

தமிழகத்தில் தமிழ் சூழ்ந்திருக்கிறது. ஒரு பொறி தமிழ் பேசாவிட்டால் அங்கே ஒருவருக்கு ஒரு வசதி குறையும். இங்கே பொறி தமிழ் பேசாவிட்டால் அந்த வீட்டில் தமிழ் ஒரு படி இறங்கும். சுண்டிக்குளியாரும் நா. கோவிந்தசாமியும் கடல் கடந்த தமிழராக இருந்தது தற்செயல் என்று நான் கருதவில்லை.

இன்று எம் பள்ளி மாணவரின் கையில் உள்ள கைப்பேசிகளில் தமிழ் விசைப்பலகை உண்டு. ஆயினும் பெரும்பாலோர் 'எங்கே இருக்கிறாய்' என்பதை ஆங்கில எழுத்திலேயே தட்டுகின்றனர். விசைப்பலகையை எடுத்துவைத்துக் கற்பித்தால் ஒரு வாரத்தில் மாறிவிடுகின்றனர், கற்பிக்காவிட்டால் மாறுவதில்லை. 2017இல் கூகுள் நிறுவனம் பேசினால் தமிழில் எழுதும் வசதியையும் தந்தது. நான்காம் ஆண்டு மாணவர்க்கு இது புதிய விளையாட்டு. சென்ற தவணையில் ஒரு சிறுமி கருவியை வாயருகே வைத்துப் பழம் என்று சொன்னாள்; அது பலம் என்று எழுதிக் காட்டியது. வகுப்பு சிரித்தது. அவள் நாவை மேலே வளைத்து மீண்டும் சொன்னாள். மூன்றாம் முறை பழம் என்று வந்தது.